உறைப்பில்லாத ஒன்று

நேற்று நூற்று அறுபத்து நான்கு.
இன்று எத்தனை என்று
இன்னும் துண்டு வரவில்லை.

வந்தாலென்ன, வராவிட்டாலென்ன
இலைக்குப் போகவேண்டும்.
விடியமுன் முத்தையன்கட்டுக் குளத்தில் இறங்கினால்
தண்ணீர் இளஞ்சூடு,
கரையேறினால்தான் குளிர்.
வலது கால் சேற்றில் புதைந்தால்
இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கவேண்டும்;
அதனால்தான் நான் சமையலில்.

தாமரை இலை முற்றலாய் இருக்கவேண்டும்.
இளசு கிழியும், பருப்பு வழியும்.
வலை உதறுகிற சூசைமுத்தர் கேட்கிறார்:
"எப்ப தம்பி சண்டைக்குப் போறீர்?"
"அங்க போறதுக்குத்தானே இந்த இலை" என்று
கட்டைச் சைக்கிளில் ஏற்றுகிறேன்.
ஒரு ஜப்பான் மீனை ஈர்க்கில் கோத்துத் தருகிறார்.
ஒரு மீனை நூற்று அறுபத்து நான்காய்
எப்படி வெட்டுவது?
நாங்களே தின்றோம்.

பகலில் அடுப்பு இல்லை.
புகையை வண்டு பார்க்கும்,
வண்டு பார்த்தால் பின்னாலே கிபிர்.
ஆகவே பகல் முழுதும்
தேங்காய் துருவல், அரிசி புடைத்தல்,
யாருடைய சாரத்தை யார் உடுத்தது என்கிற வழக்கு.
பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிப்போய்
வழக்கும் பாதியில் நிற்கும்.
செம்பரிதி பருப்பில் பொறுக்கிய கல்லையெல்லாம்
பால்மா ரின்னில் சேர்க்கிறான்.
சண்டை முடிய வீடு கட்டுவானாம்.
"அத்திவாரத்துக்கே காணாது" என்றேன்,
அகப்பையோடு அடிக்க வந்தான்.

ஒரு பார்சலுக்கு மட்டும் சிவப்பு நூல்.
மூன்று மாதத்துக்கு முன்
துண்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது:
ஒருவருக்கு வயிற்றுப்புண், ஒன்று உறைப்பில்லாமல்.
பெயர் இல்லை. பெயர் எழுதுவதில்லை.
நெட்டையோ கட்டையோ,
இடதுகையால் சாப்பிடுகிறவனோ, தெரியாது.
கறிக்குச் செத்தல் போடமுன்
அவனுக்கு ஒரு அகப்பை எடுத்து வைப்பேன்.
முதற்பால் கொஞ்சம் கூட விடுவேன்.
பொறுப்பாளருக்குத் தெரியாது.

அன்றைக்குத் துண்டு பிந்தி வந்தது.
உலை இறக்கியாயிற்று.
நூற்று நாற்பத்தொன்பது என்றிருந்தது.

ஏன் என்று கேட்பதில்லை.
லீவில் போயிருக்கலாம்,
வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம்.
லான்ட்மாஸ்டர் கொண்டுவந்த மாணிக்கவேல்
வாளித் தண்ணீரில் முகம் கழுவினான்,
கழுவி முடிந்த பிறகும் கழுவினான்.

பதினைந்து பேரின் சோறு மிஞ்சியது.
எறிய ஏலாது,
விடிந்தால் புளித்துவிடும்.
நாங்கள் இருந்து சாப்பிட்டோம்.
கத்தரிக்காய்ப் பால்கறி.
ருசியாய்த்தான் இருந்தது.
செம்பரிதி இரண்டாந்தரமும் போட்டான்.
கை கழுவும்போது
ஆளையாள் பார்க்கவில்லை.

துண்டின் பின்பக்கத்தைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
வேண்டாம் என்று எழுதவில்லை.
வேண்டும் என்றும் எழுதவில்லை.
சிவப்பு நூலைக் கட்டினேன்.
அடுத்த இரவும் கட்டினேன்.
அதற்கடுத்த நாள் நூல் முடிந்துவிட்டது;
சூசைமுத்தரின் மகள்
தன் பள்ளிக்கூடக் கொப்பி தைத்திருந்த நூலை
பல்லால் கடித்து அறுத்துத் தந்தாள்.
அது நீலம்.
பரவாயில்லை என்று கட்டினேன்.

ஐந்தாம் நாள்: நூற்று ஐம்பத்திரண்டு.
பின்பக்கத்தில் பென்சிலால்,
முந்திப் பார்த்திராத கையெழுத்தில்:
உறைப்பில்லாதது இனி இரண்டு.
நூல் கட்டத் தேவையில்லை, மணத்திலேயே தெரியுது.

"வயித்துப்புண் தொத்துமோடா?" என்றான் செம்பரிதி.
அவனா, வேறு இருவரா,
எழுதினவன் யார்,
மாணிக்கவேலுக்கும் தெரியவில்லை.

செத்தலைக் கையில் வைத்துக்கொண்டு
முதலில் இரண்டு அகப்பை அள்ளி வைத்தேன்.
தேவையில்லை என்றுதான் எழுதியிருந்தது.
கட்டினேன்.